சின்னம்மாவின் தோணிக்காரன்

சின்னம்மா எந்நேரமும் கைபேசியும் கையுமாகவே இருந்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. முப்பது வயதாகியும் கலியாணம் வேண்டாம் என்றவள், முல்லைத்தீவில் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கியதிலிருந்து படுக்கும்வரை எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். இடையிடையே தனக்குள் சிரிப்பு வேறு. யாரோ ஒருவன் அகப்பட்டுவிட்டான் என்று தீர்மானித்த அம்மா, தங்கள் இருவருக்கும் மூத்தவரான மாமாவை வரவழைத்தாள்.

சின்னம்மா கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து மாமா கைபேசியை எடுத்தார். அவருக்குச் சின்ன எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாது. எட்டு வயதான என்னை, போர் முடிந்தும் வீடு திரும்பாத அப்பாவின் படத்துக்குக் கீழிருந்த கதிரையில் இருத்தி, வாசிக்கச் சொன்னார். மாதா கோயில் பூசையில் வேத வாசகம் வாசிக்கும் குரலில் தொடங்கினேன்.

“நிலவு சாய முன்னர் களப்புக் கரைக்கு வாருங்கள். என் உயிர் உங்கள் கையில்.”

அம்மா தலையில் கைவைத்தாள். மாமாவின் முகம் சிவந்தது. அடுத்த வரியில் அவளுடைய யானை பிளிறியது.

மாமா அம்மாவைப் பார்த்தார். எங்களிடம் யானை இல்லை.

அது சின்னம்மா கிழமைக்கொரு பகுதியாக வாசிப்புச் செயலி ஒன்றில் எழுதிவந்த சரித்திரக் கதை. வன்னித் தலைவன் ஒருவனின் மகளுக்கும் தோணிக்காரனுக்கும் காதல். நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. குசினியில் மீன் கருகியது. ஈரத்தலையோடு சின்னம்மா வந்து நின்றபோது, நான் கைபேசியைச் சட்டைக்குள் ஒளித்தேன்.

மாமா ஏசவில்லை. “பிள்ளை, அந்தத் தோணிக்காரன் கரை சேருவானே?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை அண்ணை. அடுத்த கிழமை பறங்கியரோடை சண்டையில சாகிறான்.”

“சாகவிடாதை,” என்றாள் அம்மா. “அவனை வீட்டை வரச்சொல்லு.”

சின்னம்மா அவளையும் அப்பாவின் படத்தையும் பார்த்தாள். பிறகு ஈரத்தலையோடு அப்படியே இருந்து எழுதத் தொடங்கினாள். வாளோடு சாகும் வீரனைத்தான் எனக்குப் பிடிக்கும். இரண்டு நாள் அவளோடு கதைக்காமல் இருந்தேன்.

கதை முடிந்ததும் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினாள். வன்னியிலிருந்து எழுதுகிறவர் போரைப் பற்றி எழுதினால் போடலாம், ராசாராணிக் காதலை யார் வாங்குவார்கள் என்று அவர் பதில் போட்டார். சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வவுனியாவில் தானே அச்சடிப்பித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் புத்தகங்களைப் பரப்பினோம். கருவாடு காயப்போடும் வாடியில் வேலைசெய்யும் பெண்கள்தான் முதலில் சூழ்ந்தார்கள். மாமா பெருமையாக மீதிக் காசு கொடுத்துக்கொண்டு நின்றார். ஆனால் ஒருவராவது புத்தகத்தை முதலிலிருந்து திறக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்து, நின்றபடியே வாசித்து, முகம் மலர்ந்த பிறகுதான் வாங்கினார்கள்.

இவர்களுக்குக் கதை வாசிக்கவே தெரியாது என்று அம்மாவிடம் முறையிட்டேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு, அடுத்து வந்தவளுக்குக் கடைசிப் பக்கத்தைத் தானே பிரித்துக் கொடுத்தாள்.