மாலைப் படத்துல என் கை

லோகு அண்ணே... உன்னைய ஒரு போட்டோவுக்கு ஒழுங்கா நிக்க வைக்க என்னால முடிஞ்சதா? போனத் தூக்கினா நாக்க நீட்டுவ. இல்லாட்டி திரும்பிக்குவ. தங்கச்சிக்காரி வாராவாரம் பேப்பர்ல "படம் எடுப்பது எப்படி"ன்னு ஊருக்கே பாடம் எடுக்குறா. கூடப் பொறந்த அண்ணனுக்கு நேரா ஒரு படம் இல்ல. நல்லா இருக்குல்ல?

கொஞ்ச வாரமா இந்தப் பக்கத்துல நான் வரல. எங்க லோகு அண்ணன் செத்துப் போச்சு. டெங்கு. தானே த்ரீவீல் ஆட்டோவ ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷன், திரும்பி வரல. "இறைவனடி சேர்ந்தார்"னு எழுதணுமாம். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லங்க. செத்துப் போச்சு.

சரி, உங்க படங்களப் பார்ப்போம். நாட்டுக்கு அதுதானே முக்கியம்?

ஒருத்தர் கண்டி வாவிக்கரையில குடும்பத்தோட நின்னு அனுப்பியிருக்கார். குடும்பத்த தேடினேன்... தேடினேன்... ஆளுங்கள விட குப்பைத்தொட்டி பெருசா இருக்கு. கிட்டப் போய் எடுங்கய்யா, காலு இருக்குல்ல? இன்னொருத்தங்க சுள்ளுன்ற வெயில முதுகுக்குப் பின்னால வச்சிக்கிட்டு நிக்கிறாங்க. முகம் அடுப்புக்கரி மாதிரி. கொஞ்சம் திரும்பி நின்னா சூரியன் கோவிச்சுக்குமா?

எடிட்டிங்னு ஒண்ணு கைக்கு வந்துட்டா போதும். ஹந்தானைத் தேயிலைய ஒரு தம்பி எடிட் பண்ணி அனுப்பியிருக்கு. நான் பொறந்து வளர்ந்த மலை தம்பி அது. அந்தப் பச்சைய நான் கொழுந்துல பார்த்ததே இல்ல. சர்பத் போத்தல்ல தான் பார்த்திருக்கேன்.

அப்புறம் நான் எப்பவும் சொல்றது – படத்துக்கு வேணாததை வெட்டுங்க. ஓரத்துல யாரோ ஒருத்தர் கை, யாரோ ஒருத்தர் காலு... யோசிக்காம வெட்டுங்க. சொல்றது எவ்வளவு சுகமா இருக்கு பாருங்க!

கருமாதிக்கு மாலை போட அண்ணன் படம் ஒண்ணு வேணும்னு அம்மா கேட்டுச்சு. போன் பூரா தேடினேன். அண்ணன் முகம் முழுசா தெரியிற படம் ஒண்ணே ஒண்ணு. ஹந்தானை மேட்டுல, பொழுது சாயிற நேரம், அண்ணனும் நானும். அண்ணன் தோள்ல என் கை. எடுத்தது அம்மா. மலையே ஒரு பக்கமா சரிஞ்சு விழுது. பாதிப் படம் சும்மா வானம். அண்ணன் தலையில இருந்து ஒரு லைட் போஸ்ட் முளைச்சு நிக்குது.

ஆனா அண்ணன் சிரிக்குது.

உக்காந்து வேலைய ஆரம்பிச்சேன். சாய்வ நிமிர்த்தினேன். வானத்தக் குறைச்சேன். போஸ்ட்ட அழிச்சேன். முகத்து நெழல கொஞ்சம் – கொஞ்சம் தாங்க – வெளிச்சமாக்கினேன். கடைசியா என்னைய வெட்டினேன். எவ்வளவு வெட்டியும் என் கை மட்டும் அண்ணன் தோள்லயே நின்னுச்சு.

"இந்தக் கை இருக்கட்டுமாம்மா"ன்னு கேட்டேன்.

"கிறுக்காடி உனக்கு? மாலை போடுற படத்துல உசிரோட இருக்கிற புள்ள கைய வைப்பாங்களா?"

"கை தானேம்மா..."

"ஒண்ணத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறேன். மிச்சம் நீ ஒருத்தி தான். எடு கைய!"

எங்க பக்கம் அப்படித்தான். மாலை போட்ட படத்துல உசிரோட இருக்கிறவங்க நகம் கூட படக் கூடாது. ஆனா அண்ணன நான் தொட்டுக்கிட்டு நிக்கிற படம் வேற எதுவும் என்கிட்ட இல்ல. அது அம்மாவுக்குத் தெரியுமா?

அழிச்சேன். விரலால தடவினா ஆப் தானா நிரப்பிக்கும்ல... நிரப்பிச்சு. அண்ணன் தோள்ல தேயிலை முளைச்சிருச்சு!

கண்டி டவுன்ல ஸ்டூடியோ வச்சிருக்கிற மடவளை ஊர் முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னு கூப்பிடுறவர்கிட்ட கொண்டு போனேன்.

"தோள் தானே தங்கச்சி பிரச்சினை? கோட் போட்டா சரி."

"அண்ணன் கோட்டே போட்டதில்ல நானா. குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் த்ரீவீல் ஓட்டினது."

"யாரு தான் போட்டது? கண்டியில முக்காவாசிப் பேருக்கு நான் தான் போட்டு விட்டேன். டை என்ன கலர்?"

பாவம், நல்ல மனுஷன். அவசரமா செஞ்சு குடுத்தாரு. நீலக் கோட், சிவப்பு டை, பின்னால மேகம். கன்னத்து மச்சத்தையும் சும்மாவே எடுத்து விட்டாரு. முகம் பால்ல ஊறப் போட்ட மாதிரி.

அம்மா வாங்கி ரொம்ப நேரம் பார்த்துச்சு.

"யாருடி இந்த பேங்க் மேனேஜர்?"

"அண்ணன்மா."

"இந்தத் தொரை என் கையால ரொட்டியும் சம்பலும் திம்பாரா? ஆபீஸுக்கு நேரமாச்சும்பாரு..."

சிரிச்சுச்சு. அண்ணன் போன பிறகு மொத தடவை. சிரிச்சிக்கிட்டே இருந்தது, அப்படியே அழுகையாயிருச்சு. நான் கிட்டப் போய் உக்காந்தேன். ரெண்டு பேரும் நல்லா அழுதோம்.

அப்புறம் மூக்கச் சிந்திட்டு, "நான் எடுத்தத காட்டு"ன்னுச்சு. மலை சரியிற அந்தப் படம். போன் கண்ணாடிய சேலையால தொடச்சு தொடச்சுப் பார்த்துச்சு.

"இதையே பெருசாக்கு. எதையும் வெட்டாத."

"நான் இருக்கேனேம்மா. மாலை?"

"மாலை போட்டா தானே செத்தவன் படம்? போடல. புள்ளைங்க ரெண்டும் மலையில நிக்குது, அம்புட்டுதான்."

கருமாதி அன்னைக்கு வந்த ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. மாமா பெரிய மல்லிகை மாலையோட படத்துக்கு முன்னால முழிச்சிக்கிட்டு நிக்கிறாரு.

"என்னக்கா, படமும் கோணல், மாலையும் வேணாங்கிறீங்க..."

"எடுத்தது நான். எனக்குத் தெரியும்"னு அம்மா அந்த மாலைய வாங்கி அம்மன் கோயிலுக்கு அனுப்பி வச்சிருச்சு.

அந்தப் படத்த நீங்க யாராவது எனக்கு அனுப்பியிருந்தா கிழி கிழின்னு கிழிச்சிருப்பேன். இப்ப அது எங்க வீட்டு சுவத்துல இருக்கு. ஆணி நேரா தான் அடிச்சோம், மலை இன்னும் சரியுது.

கோயிலோ, பள்ளிவாசலோ, சர்ச்சோ, புத்தர் பன்சலையோ... நீங்க எங்க போறவங்களா இருந்தாலும் சரி – எங்க லோகநாதன் அண்ணனுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் வேண்டிக்கோங்க.