குதிக்காதவர்களுக்குப் போட்ட கையெழுத்து

பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் கப்பலுக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். கப்பலுக்குப் போகிறவன் எவனானாலும், கப்பல் மூழ்கினால் தப்பிக்கப் பழக, ஹாரோ பகுதியில் இருக்கும் பயிற்சி நிலையத்துக் குளத்தில் மூன்று மீட்டர் மேடையிலிருந்து ஒருமுறையாவது குதித்தாக வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வந்து மறுபடியும் குதிக்க வேண்டும். அவர்களைக் குதிக்க வைப்பவர் நெமேசியோ துவாரெஸ்.

பதினேழு வருஷம் சரக்குக் கப்பலில் மேல்தளத்து மேஸ்திரியாக இருந்தவர். துறைமுகத்தில் கப்பல் கட்டும் கயிறு அறுந்து இடுப்பில் அடித்ததில் ஒரு கால் குட்டையாகிப் போனது. கரைக்கு வந்து வாத்தியாராகிப் பதினோரு வருஷம் ஆகிறது. குளத்தங்கரையில் தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் 'தவளை சார்'. காதில் விழுந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். நாலாயிரம் பேரைத் தண்ணீரில் தள்ளியவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள் என்று சிரிப்பார்.

அந்த நாலாயிரத்தில் இரண்டு பேர் குதிக்கவில்லை. குதித்ததாகக் கையெழுத்துப் போட்டது அவர். இது குதிக்காத இரண்டு பேருக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் அவருடைய ஊர்க்காரர்கள். ஆண்ட காலத்தில் ஸ்பானியர்கள் குடும்பப் பெயர்களை ஊருக்கு ஓர் எழுத்து என்று பங்கு வைத்துவிட்டுப் போன மாகாணம் இது. குடும்பப் பெயர் 'த'வில் தொடங்கினால் திக்பாவான் ஆள் என்று யாரும் கேட்காமலே தெரிந்துவிடும். துவாரெஸ் அப்படித்தான். வில்மார் தக்சாகோனும் ஃபெர்மின் தெவெஸும் அப்படித்தான். பட்டியலில் 'த' வந்தால் வாத்தியாருக்கு மனசு இளகிவிடும். ஊர்ப்பாசம் என்று இதற்குப் பெயர் சொல்லிக்கொள்ளலாம். சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம்.

வில்மார் ஐந்து வருஷத்துக்கு முன்னால் மேடை விளிம்பில் நாற்பது நிமிஷம் நின்றான். மறுநாள் காலை விமானம். அன்று சான்றிதழ் கையில் இல்லையென்றால் கப்பல் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். "சார், நம்ம ஊரு சார் நீங்க," என்றான். அவ்வளவுதான், இவர் பேனாவைத் திறந்துவிட்டார். ஃபெர்மினுக்கும் அதே கதை, அடுத்த வருஷம்.

அதற்குப் பிறகு செய்தியில் கப்பல் என்ற சொல் வந்தாலே நெமேசியோவுக்குச் சோறு இறங்காது. மனைவி வானொலியை அணைத்துவிடுவாள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தார். சொன்னால் வாத்தியார் உரிமம் போகும். இந்தக் காலை வைத்துக்கொண்டு வேறு எந்த வேலைக்குப் போவது? ஒன்றும் ஆகவில்லையே, ஆகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கோழைகளுக்குத் தெரிந்த ஒரே ஜெபம் அதுதான்.

ஒரு திங்கட்கிழமை மறுபயிற்சிப் பட்டியலில் வில்மார் தக்சாகோன் என்ற பெயர் இருந்தது. உயிரோடு இருக்கிறான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வில்மார் இப்போது மூன்றாம் அதிகாரி. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. பின்னால் நின்ற கூட்டாளிகள் சும்மா இருக்கவில்லை.

"ஆபீசர் குதிச்சா குளத்துல தண்ணி மிஞ்சுமா?"

"மேல ஏறுறப்பவே ஏணி அழுவுதுடா."

நெமேசியோ அவனைத் தனியாகக் கூப்பிட்டார். இலோங்கோ பேசும் இந்த ஊர்க்காரர்கள் திட்டினாலும், தம்பி என்பதற்கு 'தோதோ' போட்டு, கொஞ்சுகிற மாதிரிதான் இருக்கும். அவர் அன்று உண்மையிலேயே திட்டத்தான் நினைத்தார்.

"இந்தத் தடவை ஊரு, உறவு எதுவும் கிடையாது தோதோ. குதிக்காம பேப்பர் கிடைக்காது."

"குதிக்கத்தான் சார் வந்தேன். மணிலாலயே முடிச்சிருக்கலாம். உங்க கிட்டதான் குதிக்கணும்னு வந்தேன்."

ஏறினான். நின்றான். மூக்கைப் பிடித்தான், லைஃப் ஜாக்கெட்டை மறுகையால் அழுத்திப் பிடிக்க மறந்தான், குதித்துவிட்டான். ஜாக்கெட் எகிறித் தாடையில் அடித்து உதடு கிழிந்தது. ரத்தத்தோடு நீந்தி வந்தவனைக் கைகொடுத்துத் தூக்கியபோது நெமேசியோவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்தது போல் இருந்தது. மதியம் பத்சோய் நூடுல்ஸ் சூப் நானே வாங்கித் தருகிறேன் என்றார். அன்று அவர் நடையில் தத்தல்கூடக் குறைந்திருந்தது என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள்.

பத்சோய் கடையில் வில்மார் கிண்ணத்தைத் தொடவில்லை. உதடு எரிகிறதாக்கும் என்று இவர் நினைத்தார்.

"சார், எங்க கப்பல்ல நோங் ஒனோஃப்ரேன்னு ஒருத்தர். மெஸ்ல பரிமாறுறவர். அம்பது வயசு. எனக்கு அண்ணன் மாதிரி, அதான் நோங். லைஃப்போட்டுக்குள்ள ஏற பயம் அவருக்கு. அது தலைகீழாப் பாயிற போட்டு, தெரியும்ல? உள்ள உக்காந்தாலே மூச்சு முட்டுதும்பார். பயிற்சி அன்னைக்கெல்லாம் எனக்கு அடுப்புல வேலை இருக்குன்னு கெஞ்சுவார். வந்தவங்க பேர் எழுதுறது என் வேலை."

"எழுதிட்டியா?"

"பதினோரு மாசம். மாசா மாசம் எழுதினேன்."

நெமேசியோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"நிக்கல் மண்ணு ஏத்தியிருந்தோம். ஈர மண்ணு, அலையில கூழாயிட்டுது. கப்பல் ஒரு பக்கமாச் சாஞ்சிட்டுது. எல்லாரும் போட்டுக்கு ஓடினோம். அவரும் வந்தார் சார், கதவு வரைக்கும் வந்தார். உள்ள வரல. கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்னார். கேப்டன் கத்தினார், நான் கையைப் பிடிச்சு இழுத்தேன், உதறிட்டார். கதவை மூடச் சொன்னாங்க. மூடினது நான்தான்."

கடையில் யாரோ சூப்புக்கு இன்னும் வெங்காயத்தாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"விசாரணையில கேட்டாங்க, பயிற்சிக்கு வந்தாருன்னு எழுதியிருக்கே, வந்தாரான்னு. வரலன்னு ஒத்துக்கிட்டேன். ஏன் எழுதினேன்னு கேட்டாங்க. பாவம்னு எழுதினேன்னேன். எங்க கத்துக்கிட்டேன்னு யாரும் கேக்கல. நானும் உங்க பேரைச் சொல்லல சார்."

அவன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் நெமேசியோவால் தாங்க முடியவில்லை. பாவம் பார்த்தேன், பாவம் பார்த்தேன் என்று ஐந்து வருஷமாகத் தன்னைத் தானே தட்டிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பாவம் கைமாறிப் போய், முகம்கூடத் தெரியாத ஒருவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

"அவருக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"மூணு."

நெமேசியோ நேராக நிலையத் தலைவி மேடம் ஹிசோனின் அறைக்குப் போனார். உட்காரவில்லை. இரண்டு பெயர்களையும் சொன்னார், தேதிகளையும் சொன்னார். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தாள்.

"நெமே, இதை வாயால சொல்லிட்டுப் போ, நான் மறந்துடறேன். எழுதிக் கொடுத்தா உன் உரிமம் போயிடும்."

"எழுதித்தான் தருவேன் மேடம். தக்சாகோன் இன்னைக்குக் குதிச்சிட்டான். இன்னொருத்தன் இன்னும் குதிக்கல."

எழுதிக் கொடுத்தார். மேஜையில் இருந்த தொலைபேசியிலேயே ஃபெர்மின் தெவெஸ் வீட்டுக்குக் கூப்பிட்டார். மனைவி மெர்லிண்டா எடுத்தாள்.

"சாரா? நெமேசியோ சாரா? அய்யோ, என்ன பாக்கியம் இது. சாப்டீங்களா சார்?"

"ஃபெர்மின் இருக்கானாம்மா?"

"போன வாரம்தான் கப்பலேறினார். இப்ப பெரிய ஆளு சார் அவர். கப்பல்ல லைஃப்போட்டு, ஜாக்கெட்டு எல்லாம் அவர் பொறுப்பு. புதுசா வர்றவங்களுக்கு அவர்தான் சொல்லித் தர்றாராம்."

மேடம் ஹிசோன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள், நெமேசியோ தொடவில்லை.

"கப்பல் பேரைச் சொல்லும்மா. அவனைத் திருப்பிக் கூப்பிடணும். அவன் இங்க குதிக்கவே இல்ல. நான் பொய்யாக் கையெழுத்துப் போட்டேன்."

மறுமுனையில் மெர்லிண்டா சிரித்தாள், வெட்கப்பட்ட மாதிரி.

"அது தெரியும் சார். அதுக்காகத்தான் நாலு வருஷமா ஹாரோ மாதாவுக்கு உங்க பேர்ல மெழுகுவர்த்தி ஏத்திக்கிட்டிருக்கேன்."