கிருமியைக் காட்டாத மீட்டர்

இன்று காலை எங்கள் திருமுல்லைவாயில் குடியிருப்பில் ஒரு தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவியை இயக்கிக் காட்டினார்கள். மின்சாரத்தால் உண்டாகும் குளிர் பிளாஸ்மா கிருமிகளைக் கொல்லுமாம். மகள் டைபாய்டிலிருந்து எழுந்து பத்து நாள்தான் ஆகிறது. ஆகவே அவளுடன் முன்வரிசையில் அமர்ந்தேன்.

"கிருமிப் பரிசோதனை அறிக்கை உண்டா?" என்று விற்பனையாளரைக் கேட்டேன்.

"ரிப்போர்ட் இன்னாத்துக்கு சார்? லைட்டு எரியுது பாருங்க, கிருமி அவுட்டு!"

இதை ஏற்க இயலாது என்று நான் சொல்வதற்குள், சங்கச் செயலாளர் தம் டிடிஎஸ் மீட்டரை முதலில் தொட்டி நீரிலும் பிறகு கருவி நீரிலும் விட்டார்.

"நம்பர் அப்டியே கீது. டுபாக்கூர் மெஷினு. எடுத்துகினு கெளம்பு நைனா."

அந்த மீட்டர் உப்பை அளப்பது, கிருமியை அன்று என்றேன். நான் நம்பாத கருவிக்கு நானே வாதாட நேர்ந்தது.

"தொட்டி நீரையாவது ஆய்வகத்துக்கு அனுப்புவோம்."

"மீட்டர் கையில கீது, லேப் இன்னாத்துக்கு சார்?"

மகளின் பாட்டிலில் இருந்தது காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். செயலாளர் அதே மீட்டரைத் துடைக்காமல் அதிலும் விட்டார்.

"காய்ச்சியும் கொறையல பாருங்க. கேஸு வேஸ்ட்டு."

இப்போது அந்தத் தண்ணீரை மறுபடியும் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். உங்கள் சங்கத்திலும் இப்படியொரு மீட்டர் உண்டா?