ஈரக்கை எழுதிய பதில்கள்

என் அண்ணன் வாஷிங் மெஷின் மெக்கானிக். பகலெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பழுது பார்ப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு, இணையத்தில் ஓர் உதவி மன்றத்தில் முகம் தெரியாதவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். அங்கே அவர் பெயர் ஈரக்கை. பதினோரு வருடம் எழுதினார். "ஊரு மெஷினெல்லாம் ஓடுது, நம்ம மெஷின்லதான் தண்ணி நிக்குது" என்று அண்ணி குத்திக்காட்டுவார்.

மன்றத்தில் அண்ணன் கறார். மாடல் எண் சொல்லாமல் 'அவசரம்' என்று கத்தினால் பதில் கிடையாது. கேள்வியும் பதிலும் எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான். பழுது சரியானால், எதனால் சரியாயிற்று என்று கேட்டவர் திரும்பி வந்து ஒரு வரி எழுத வேண்டும். அதே பழுதோடு அடுத்து வருகிறவருக்கு அந்த வரிதான் வழி. எழுதாமல் போகிறவர்களை, கையைக் கழுவிவிட்டுக் குழாயைத் திறந்துபோட்டுப் போகிறவர்கள் என்பார்.

ஒருவனுக்காக மட்டும் விதியைத் தளர்த்தினார். அவன் மெக்கானிக் வேலைக்குப் புதியவன். வெளிப்படையாகக் கேட்டால் முதலாளி பார்த்துவிடுவார், வேலை போய்விடும் என்று தனிச்செய்தியில் கெஞ்சினான். நாற்பது நாள், 'அண்ணே, அண்ணே' என்று. இவரும் ஒவ்வொரு பழுதுக்கும் கையால் படம் வரைந்து அனுப்பினார்.

ஆறு மாதத்தில் அத்தனையும் அந்தப் புதியவன் பெயரில் தொகுப்பாக மன்றத்தின் முகப்பில் வந்தது, படங்கள் உட்பட. அவனை நிர்வாகியாகவும் ஆக்கிவிட்டார்கள். இதெல்லாம் நான் எழுதியதாயிற்றே என்று அண்ணன் மன்றத்தில் தன்மையாகத்தான் கேட்டார். ஆதாரம் காட்டச் சொன்னார்கள்.

"அந்த மெசேஜையெல்லாம் எடுத்துப் போடுண்ணா" என்றேன்.

"தனியா கேட்டதத் தனியாதாம்மா வெச்சுக்கணும். அதுல அவன் வீட்டுக் கஷ்டமெல்லாம் சொல்லியிருக்கான்."

"அவன் உன்னையே பொய்யன்கிறான்."

"அது அவன் பழக்கம். எனக்குப் பழகலையே."

வீண்பழி சுமத்தியதாகச் சொல்லி அந்தப் புது நிர்வாகியே அண்ணனின் கணக்கை மூடினான். பதினோரு வருடப் பதில்களின் தலைப்பில் ஈரக்கை என்ற பெயர் இருந்த இடத்தில் 'நீக்கப்பட்டவர்' என்று வந்தது. அதற்குப் பிறகு சாப்பிட்டதும் படுத்துவிடுவார். மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

போன வாரம் என் வீட்டு மெஷினில் தண்ணீர் வடியாமல் நின்றது. தேடியதில் அந்தத் தொகுப்புதான் முதலில் வந்தது. 'முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். வீரத்தை அப்புறம் காட்டலாம்' என்று தொடங்கியது. சின்ன வயதில் நான் மிக்ஸிக்குள் கையை விட்டபோது அண்ணன் சொன்னது அது. கொஞ்ச நேரம் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. பிறகு படித்தபடியே செய்தேன். பம்ப்பின் மூடிக்குள் ஒரு சட்டைப் பொத்தான். எடுத்ததும் தண்ணீர் வடிந்தது.

சரியானால் ஒரு வரி எழுத வேண்டும். புதிதாகக் கணக்குத் தொடங்கி எழுதினேன்: 'சரியாயிற்று. பம்ப்பில் பொத்தான் இருந்தது. நன்றி, ஈரக்கை.'

மறுநாள் பார்த்தேன். பொத்தான் வரை அப்படியே இருந்தது. பெயரை மட்டும் அழித்திருந்தான். நன்றியை வைத்துக்கொண்டான்.