வட்டிக்கு வாங்காத திருவிழா

புங்குடுதீவில் ஓட்டோ ஓடும் நிசாந்தனுக்குக் கையில் நாலு காசு மிஞ்சுவது நயினாதீவுத் திருவிழாக் காலத்தில்தான். அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் படகில் இங்குள்ள குறிகட்டுவான் துறைக்குத் திரும்புகிறவர்களில் வெளிநாட்டில் குடியேறிய ஊர்க்காரரும் இருப்பார்கள். பிறந்த வீட்டையும் படித்த பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டுப் போக அவர்களுக்கு ஓட்டோ வேண்டும். அந்த உழைப்பை நம்பித்தான் பிள்ளைகளின் ரியூசன் காசும் கூரைத் திருத்தமும் காத்திருந்தன.

கொடியேற்றம் நெருங்கிய நேரம் பார்த்து எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதைத் திருத்தக் கராச்சில் சொன்ன தொகையைக் கேட்டு மனைவி பிரியவதனி வெறுங்கழுத்தைத் தடவினாள். சங்கிலி ஏற்கனவே வங்கியில் அடைவில் இருந்தது.

"வைத்திலிங்கம் ஐயாவைக் கேட்டுப் பாருங்கோவன். அவற்றை பிள்ளையள் எல்லாரும் வெளிநாட்டிலைதானே" என்றாள்.

நிசாந்தன் ஆரிடமும் கைநீட்டிப் பழகாதவன். கேட்கவேண்டிய வார்த்தைகளை வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். வைத்திலிங்கம் அன்பாகக் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் கொடுத்தார்.

"தம்பி, உமக்குத்தான் சொல்லலாம். என்னைத் தேடி வாற ஆக்கள் எல்லாரும் காசுக்குத்தான் வருகினம். சும்மா வந்து கதைக்கிற ஆள் நீர் ஒருத்தர்தான்."

அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பது? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மழையில்லாததைப் பற்றிக் கதைத்துவிட்டு எழும்பி வந்தான். இனி வட்டிக்குக் கொடுப்பவரிடம் போவதைத் தவிர வழியில்லை. அவரிடம் வாங்கினால் திருவிழா உழைப்பு முழுவதும் வட்டிக்கே போய்விடும். தெரிந்தும், விடிந்தால் போவதென்று முடிவெடுத்தான்.

விடிய அவன் வெளிக்கிட்டு நிற்க, வாசற் படலையில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. சசிகரன். துறையடியில் அவனோடு ஓட்டோ ஓடுபவர், அவனைவிடப் பத்து வயது மூத்தவர். அடுத்த ஓட்டம் ஆரின் முறை என்று ஆக்களுக்கு முன்னால் சண்டைபிடித்து, ஒரு வருசமாக இருவரும் முகம் பார்ப்பதில்லை.

"கராச்சுக்காரன் சொன்னவன்" என்றார் சசிகரன், ஓட்டோவிலிருந்து இறங்காமலே. "காசுக்கு எங்கை போறாய்?"

நிசாந்தன் சொன்னான்.

"போகாதை. என்ர வண்டி நிண்ட நேரம் நானும் அங்கைதான் வாங்கினனான். பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." தன் ஓட்டோவைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "உனக்குத் தர என்னட்டைக் காசில்லை. காலமை நான் ஓடுறன், மத்தியானத்துக்குப் பிறகு நீ இதை எடுத்து ஓடு. திருவிழா முடியும்வரை இப்பிடியே ஓடுவம்."

"உங்கட உழைப்பு பாதியாப் போகுமே அண்ணை. வீட்டிலை அக்கா ஒண்டும் சொல்லமாட்டாவோ?"

"சொன்னவதான். பிறகு அவவேதான் என்னை அனுப்பிவிட்டவ."

நிசாந்தன் படலையை அகலத் திறந்தான். பிரியவதனி முன்னுக்கு வந்து, "இறங்கி வாங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள்.

அந்தத் திருவிழா முழுவதும் துறையடியில் அந்த ஒரு ஓட்டோவை இரண்டு பேர் மாறிமாறி ஓட்டினார்கள். சாவி கைமாறும்போது எந்தக் கோயிலடியில் சனம் அதிகம், எந்த ஒழுங்கையில் வண்டி மணலில் புதையுது என்று இரண்டு வார்த்தை கதைத்தார்கள். தேர் நாளன்று ஓட ஓட ஆக்கள் குறையவில்லை. அன்றைக்குச் சசிகரன் தன் காலை முறைக்குக்கூட வண்டியைக் கேட்டு வரவேயில்லை; இரவு வரைக்கும் நிசாந்தனே ஓடினான்.

திருவிழா உழைப்பில் எஞ்சினைத் திருத்தியாயிற்று. கடன் என்று ஒரு சதமும் இல்லை. கூரை மட்டும் அடுத்த வருசத்துக்குத் தள்ளிப்போனது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று பிரியவதனி மோதகம் அவித்துக் கொடுத்துவிட்டாள். நிசாந்தன் அதைக் கொண்டுபோய்ச் சசிகரனின் குசினி வாசலில் நின்று, அவருடைய மனைவிக்கும் கேட்கும்படி சொன்னான்: "நீங்கள் வந்திருக்காட்டி நான் வட்டிக்காரன்ர கையிலை விழுந்திருப்பன் அண்ணை. இதை நான் மறக்கமாட்டன்."

சசிகரன் ஒரு மோதகத்தை எடுத்துக் கடித்தார். "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். பிறகு, நிசாந்தன் இருப்பதற்காகப் பக்கத்துக் கதிரையில் கிடந்த உடுப்புகளை அள்ளி உள்ளே கொண்டுபோனார்.