கிளாரினெட்டில் ஒரு கசிவு

அந்தக் குடியிருப்பில் குழாய் ரிப்பேர்க்காரரை எல்லோரும் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடியில் தண்ணீர் சொட்டினால் வாசலில் நின்றே எந்த வீடு என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்காரர் வீட்டுக்குத்தான், பள்ளி வாத்தியக் குழுவில் கொடுத்தார்கள் என்று மகள் ஒரு கிளாரினெட்டைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

பத்து நாளாக அது கீச்சென்று கத்தியதே தவிர, உருப்படியாக ஒரு சுரம் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் படியில் மறித்து, “வாத்து ஏதாவது வளர்க்கறீங்களா?” என்று கேட்டேவிட்டார்.

அன்று சாயங்காலம் மகள் பெட்டியை மூடினாள். “நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்ப்பா. இது உடைஞ்சு போச்சு.”

“உடைஞ்சிருக்கா, ஒழுகுதான்னு மொதல்ல பாப்போம்” என்றார் சொட்டு. இசையில் அவருக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. ஆனால் குழாய் என்றால் குழாய்தானே. உள்ளே தண்ணீர் போனால் என்ன, காற்று போனால் என்ன?

கிளாரினெட்டின் துண்டுகள் சேரும் மூட்டில் சுற்ற வேலைப்பையிலிருந்து டெஃப்லான் டேப்பை எடுத்தார். மகள் பதறிவிட்டாள். “ஐயோ அப்பா! மூட்டுல இருக்கற கார்க்குல இந்த கிரீஸ் மட்டும்தான் தடவணும்னு டீச்சர் சொன்னாங்க.”

டேப் பேசாமல் பைக்குள் போனது. இருவரும் கிரீஸ் தடவி, மெதுவாகத் திருகிப் பொருத்தினார்கள். ஊதும் முனையில் கட்டும் மெல்லிய நாணல் தகட்டை, அதுதான் ரீடு, அவள் நாக்கில் நனைத்துக் கட்டினாள். ஊதினாள். கீச்!

“இரு, நீ ஊது மட்டும். ஓட்டைய நான் அடைக்கறேன்.”

பின்னால் உட்கார்ந்து அவளைச் சுற்றிக் கைநீட்டி, முன்னால் ஆறு துளை, பின்னால் ஒன்று, ஏழையும் தடித்த விரல்களால் மூடினார். கனத்த ஒலி ஒன்று புறப்பட்டு அறையை நிறைத்தது. அவள் வாயிலிருந்து எடுக்காமலே சிரிக்கப்போக, மறுபடியும் கீச்!

“குழாய் கல்லு மாதிரி இருக்கும்மா. இப்ப நீயே மூடி நல்லா அழுத்து. ம், விரலைக் காட்டு.”

விரல் நுனிகளில் துளையின் வட்டம் பதிந்திருந்தது. வலது மோதிர விரலில் மட்டும் அரை வட்டம்.

“ஆப்ட்டுக்கிட்டான் திருடன்!”

அவள் அந்த விரலை ஒரு நூல் நகர்த்தினாள். மூன்றாம் தடவையில் அதே ஒலி வந்தது, முழுக்க அவளுடையதாக.

பஸ் ஓட்டிவிட்டு வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். “நீங்க ஊதுங்களேன்” என்று கணவரையும் கிளப்பிவிட்டாள். அவர் கன்னம் புடைக்க ஊதியதில் வெறும் காற்றுதான் வந்தது. அம்மாவும் மகளும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதன் பிறகு ஆறு மணி ஆனால் போதும், மகள் ஊதி முடிக்க, கயிறு கட்டிய துணியை உள்ளே விட்டு ஈரம் துடைப்பது அவர் வேலை. அந்த நேரத்தில் யாராவது போன் செய்தால், “வாளிய வெச்சுப் புடிங்க, அரை மணில வந்துடறேன்” என்பார். “இங்க பிராக்டிஸ் நடக்குது.”