ஒட்டாத பாவம்

எதிர் பிளாட் மோகன் சார் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மேனேஜர். ஒரு சாண் உயர போன்சாய் அரசமரத்தைத் தொட்டியிலிருந்து உருவி, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். பங்குனியில் தொட்டி மாற்ற வேண்டுமாம், அதற்குமுன் வேரைக் கத்தரிக்க வேண்டுமாம். ஈரவேரின் வாடை மூக்கில் ஏறியதும் நான் வளர்ந்த அத்திப்பட்டு ஞாபகம் வந்தது.

அங்கே பக்கத்து வீட்டுத் தணிகாசலத்தின் சுவரில் வருஷாவருஷம் அரசங்கன்று முளைக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இலைகளோடு சுவரைப் பிளக்கும். பிடுங்கினால் பாவம் என்று அந்தப் பக்திமான் அதைத் தொடமாட்டார். எங்கப்பா சூசையைக் கூப்பிடுவார்.

"சூச, நீ சர்ச்சுக்குப் போற ஆளு. ஒனக்கு ஒட்டாது. வந்து புடுங்கிட்டுப் போயேன்."

அப்பா ஏணியில் ஏறிப் பிடுங்கி, பிளவில் ஆசிட் ஊற்றுவார். கை வெந்துபோகும். தணிகாசலம் கீழே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். மறுவருஷம் கன்று துளிர்த்தால், "வேர உட்டுட்டு வந்துக்கிறான் பாரு" என்று தெருவெல்லாம் சொல்வார். அப்பா சிரித்துக்கொண்டே மறுபடி ஏறுவார். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மோகன் சார் கத்தரியை நீட்டினார். "அரசமரத்த நாங்க வெட்டக்கூடாது மேடம். உங்களுக்குதான் அதெல்லாம் இல்லியே."

கம்பி சுற்றி அந்த மரத்தை நெரித்து வளைத்தவர் அவர்தான். அதில் பாவம் இல்லை போலும்.

கத்தரியை வாங்கி மரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்க சார். வேர் காஞ்சிடப் போவுது."